இந்தாண்ட ஆறு

ஆற்றுக்குப் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்தால் வாய் திறக்காதே என்று என் மாமியார் சொல்லிவைத்திருந்தார். பேர் தெரியாமலா ஒருத்தன் பட்டணத்திலிருந்து ரயில் ஏறி வருவான் என்பது அவருடைய கேள்வி. 

எங்களுக்கு முன்னமே பட்ட அனுபவம் உண்டு. ஒரு தடவை பனைமரத்துக்கு நம்பர் போட வந்தார்கள். சும்மா கணக்குக்கு என்றார்கள். மரத்துக்கு மரம் தார் பூசி நம்பர் எழுதினார்கள். பின்னால் கள் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். ஆனால் நம்பர் போட்ட மரம்தான் முதலில் வெறும் மரமானது.

நான் பிறந்தது விரிஞ்சிபுரம் பக்கம். மூன்றாவது வரை படித்தேன். அங்கே பாலாறு ஒன்றுதான். அகலமாக, வெள்ளையாக, மணலாகக் கிடக்கும். கல்யாணம் ஆனதும் அதே ஆற்றோடு மேற்கே வந்தேன். ஆம்பூர் தாண்டி, வாணியம்பாடி தாண்டி, தெலுங்கு ஊர்களை ஒட்டின ஊர். வந்து பார்த்தால் அங்கே பாலாறு இரண்டாக இருந்தது.

ஊருக்கு மேற்கே ஒரு பாறையில் முட்டி ஆறு இரண்டாகப் பிரியும். ஒரு கிளை வடக்கே தெலுங்குக்காரர் ஊர் ஓரமாகப் போகும். அது பெரிசு. அதை அந்தாண்ட ஆறு என்போம். இன்னொரு கிளை எங்கள் சேரிக்குக் கீழேயே வரும். குறுகலானது. அது இந்தாண்ட ஆறு. நடுவில் நாணலும் வேலமரமும் நிற்கும் திட்டு. ஊரைத் தாண்டி இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்ளும். வருஷத்தில் பெரும்பகுதி இரண்டிலும் தண்ணீர் ஓடாது. தண்ணீர் மணலுக்குக் கீழே இருக்கும். தோண்டினால் வரும்.

பேருக்குப் பஞ்சம் இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்புக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வரும் தெலுங்கு வண்டிக்காரர் பாலேரு என்பார். ஊர்க் கோயில் ஐயர் க்ஷீர நதி என்பாராம். அதையும் வண்டிக்காரர்தான் சொன்னார். நாங்கள் அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. ஆறு மைசூர் சீமையில் நந்தி மலையில் பிறக்கிறது, தெலுங்கு ஊர்களைத் தாண்டி நம்மிடம் வருகிறது, வேலூர், ஆற்காடு எல்லாம் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறது என்றும் அவர் சொன்னார். கடல் வரைக்கும் போகிறதா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் ஊரைத் தாண்டவே முடியாமல் கிடந்த ஆறு அது. எந்தப் பேரைச் சொன்னாலும் அதில் பால் இருந்தது. ஆற்றில் மணல் இருந்தது.

எங்களுக்கு அந்த மணல் போதும். ஊர்த்தெருக் கிணற்றில் நாங்கள் தண்ணீர் இறைக்கக் கூடாது. சேரியில் ஒரு கிணறு உண்டு. ஆனால் தோல் ஷாப்பு அதற்கு மேட்டில் இருந்தது. சுண்ணாம்புக் குழியில் இருந்தும் பட்டைத் தொட்டியில் இருந்தும் விட்ட தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கு இறங்கியது. அந்தத் தண்ணீரில் சோறு ஆக்கினால் சிவக்கும். பருப்பு வேகாது. குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பும். அதனால் இந்தாண்ட ஆற்றில் வீட்டுக்கு ஒரு ஊற்று தோண்டி வைத்திருந்தோம். காலையில் போய் மேல்தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தால் அடியில் இருந்து தெளிந்து வரும். இனிக்கும். சாயங்காலம் நாய் வாய் வைக்காமல் முள் போட்டு மூடிவிட்டு வருவோம். அங்கே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆறு புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் தோண்டலாம்.

அது ஆறாக இருக்கிற வரைக்கும்தான்.

ஊர் மணியக்காரருக்கு ஆற்றை ஒட்டிக் கழனி. அவர் கழனிக்கு முள்வேலி போட்டார். அதில் தப்பு இல்லை. ஆனால் அந்த வேலி நடந்தது. முதலில் கரையில் இருந்தது. மழைக்குப் பிறகு சரிவில் இருந்தது. பொங்கலுக்கு மணலில் இருந்தது. கேட்டால், "இது ஆறு இல்ல, என் கழனி வடிகால் பள்ளம். எங்க தாத்தா வெட்டினது" என்றார். அவர் தாத்தா ஆறு வெட்டினாரா என்று மாமியார் வீட்டுக்குள் வந்து கேட்டார். வெளியே கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சர்வேயர் வந்தார். ஆந்திரா தனியாகப் போய்விட்டது. எல்லை எங்கே என்று இரண்டு சர்க்காருக்கும் பேச்சு. எங்கள் பக்கத்தில் எல்லை பாலாறு என்று எழுதியிருந்ததாம். ஆறு இரண்டாக இருப்பது எழுதியவனுக்குத் தெரியவில்லை. அதனால் எது பாலாறு, எது பாலாறு இல்லை என்று நேரில் பார்த்து எழுத இவரை அனுப்பினார்கள். புளியந்தோப்பில் கூடாரம் அடித்தார்கள். சங்கிலி பிடிக்க ஆட்கள், கொடி பிடிக்க ஆட்கள், மூன்று காலில் நிற்கிற ஒரு கண்ணாடி. மணியக்காரர் வீட்டில் இருந்து சாப்பாடு போயிற்று. நாங்கள் அதைப் பார்த்தோம்.

தோல் ஷாப்பில் பெண்களுக்குப் பட்டை இடிக்கிற வேலை. பொழுது உச்சிக்கு வந்ததும் உலக்கையைச் சாத்திவிட்டுக் கொட்டகையில் கூழ் குடிப்போம். அங்கேதான் பேச்சு வந்தது.

"நாளைக்கு நம்ம கிட்டயும் கேப்பானாம். இது பாலாறான்னு."

"ஆமான்னு சொன்னா போச்சு."

"ஆமான்னா எல்லைக் கோடு நம்ம வாசல்ல வந்து நிக்கும். ஊத்து ஆந்திராவுக்குப் போய்டும். அப்பறம் தண்ணி மொள்ளணும்னா தெலுங்கு கத்துக்கோ."

"இல்லன்னு சொன்னா?"

"மணியக்காரரு அன்னிக்கே முள்ளு அடைச்சிடுவாரு. வடிகால்ல உனக்கு இன்னா வேலைன்னு கேப்பாரு."

"அப்போ இன்னாதான்டி சொல்றது?"

மாமியார் கூழ்ச்சட்டியை வழித்து முடித்தார். "தெரியாதுன்னு சொல்றது. தெரியாதுன்னு சொன்னவள எவன் இன்னா பண்ணுவான்?"

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. நான் மட்டும் சொன்னேன்.

"நமக்குத் தெரியாதுன்னா, மணியக்காரரு சொல்றதைத்தானே அத்தே எழுதுவாங்க."

"நீ மூணாவது படிச்சவ. உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவ போய் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் போகவில்லை. எனக்கும் அந்த ஆள் மேல் நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலை ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தோம். சர்வேயர் வந்தார். நடுவயசு. தொப்பி, காக்கி அரைக்கால் சட்டை. கூடவே மணியக்காரர், குடை பிடித்துக்கொண்டு. சர்வேயர் மணலில் இறங்கி என் மாமியார் பக்கத்தில் குந்தினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

மாமியார் அசையவில்லை. ஊர்க்காரர் யாரும் எங்களிடம் தண்ணீர் கேட்டதில்லை. மணியக்காரர் குடையை வேறு பக்கம் சாய்த்தார். சர்வேயர் தானாகவே கையைக் குவித்து நீட்டினார். நான் ஊற்றினேன். குடித்துவிட்டு, "நல்லா இனிக்குதே" என்றார்.

எங்கள் கையால் வாங்கிக் குடித்தார். அதுவே சந்தேகமாக இருந்தது.

"இது என்ன ஆறு?"

"தண்ணி வந்தா ஆறு சாமி. இல்லாகாட்டி மணலு" என்றார் மாமியார்.

"பேரு?"

"தெரியாது சாமி."

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பொறந்ததுல இருந்து."

"பொறந்ததுல இருந்து தண்ணி குடிக்கிறீங்க. பேர் தெரியாதா?"

"பேரு வெச்சவங்க செத்துட்டாங்க சாமி."

சங்கிலி ஆள் ஒருத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்தேன். பக்கத்து ஊற்றுக்காரியைக் கேட்டார். அவள் தான் வாக்கப்பட்டு வந்தவள் என்றாள். அவளுக்குப் பேரப்பிள்ளை இருந்தது.

"நான்தான் சொன்னேனே சார்" என்றார் மணியக்காரர். "வடிகால் பள்ளத்துக்கு இன்னா பேரு இருக்கும்? பாலாறு அந்தாண்ட ஓடுது. அதோட உங்க எல்லைய முடிச்சிக்கலாம்."

சர்வேயர் எழுந்து முழங்காலில் ஒட்டின மணலைத் தட்டினார். "யாரும் சொல்லலைன்னா அவர் சொல்றதைத்தான் எழுதணும்மா. நாளைக்குக் கல் நட்டுடுவேன்" என்றார். அதை எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். அது புத்தி சொல்வதா, மிரட்டலா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மாமியார் சொன்னார். "இனிக்குதுன்னு சொன்னான் பாத்தியா? அவனும் விட மாட்டான்."

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. அவர் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர். கால் எல்லாம் வெந்து வெடித்திருக்கும். ஊற்றுத் தண்ணீரில் கழுவினால்தான் எரிச்சல் அடங்கும். "கல்லு நட்டுட்டா எங்க போய் தண்ணி எடுப்ப?" என்றார். "உங்க அம்மாவைக் கேளுங்க" என்றேன். 

மறுநாள் வெயில் பளிச்சென்று இருந்தது. எங்கள் பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லை. உச்சிப்பொழுது இருக்கும். பட்டை இடித்துக்கொண்டிருந்தோம். உலக்கைச் சத்தத்துக்கு நடுவில் வேறு சத்தம் ஒன்று கேட்டது. காய்ந்த ஓலைக் கட்டை யாரோ தரையில் இழுத்து வருகிற மாதிரி. மாமியார் உலக்கையை அந்தரத்தில் நிறுத்தினார்.

"வர்றா" என்றார்.

மைசூர்ப் பக்கம் மழை பெய்திருக்கிறது. பாலாறு அப்படித்தான். எங்கேயோ பெய்யும், இங்கே வரும். உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினோம். வேலை வாங்குகிற ஷாப்பு மேஸ்திரி கத்தவில்லை. புதுத்தண்ணீருக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வறண்ட ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் யார் எங்கே நின்றாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆம்பிளைகள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். மஞ்சள், கற்பூரம், ஒரு முறத்தில் வளையலும் ரவிக்கைத் துணியும். எல்லாவற்றுக்கும் முன்னால் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்த பெண்ணை வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. கூப்பிடாவிட்டால், இந்த ஊர் தன்னுடையது இல்லை என்று நினைத்துப் போய்விடுவாள். அந்த வருஷம் ஊற்று எல்லாம் கீழே இறங்கிவிடும். ஊர்க்காரரும் நாங்களும் ஒரே கரையில் நிற்பது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் இடம் விட்டு.

நாங்கள் கரைக்குப் போனபோது சர்வேயர் ஆட்கள் நடு மணலில் சங்கிலியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சத்தம் கேட்டது, அர்த்தம் தெரியவில்லை. "ஏறு, ஏறு, மேல ஏறு" என்று நாங்கள் கத்தினோம். சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சர்வேயர் மூன்று கால் கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கடைசியாக ஏறினார். என் வீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும். முழங்கால் உயரம்கூட இல்லை. மணல் அதை உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊற்றுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

மாமியார்தான் முன்னால் நின்றார். கையில் கற்பூரம். அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டார்.

"பாலாத்தம்மா, வந்தியா? வா தாயே."

சேரி மொத்தமும் கூப்பிட்டது. நானும் கூப்பிட்டேன். சர்வேயர் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார். யாருக்கும் அந்த நினைப்பு இல்லை.

அதே கரையில் தள்ளி, கழனி வரப்பில் மணியக்காரர் நின்றார். குடையைப் போட்டார். செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். இரண்டு கையும் தலைக்கு மேல் போயிற்று. எங்களை விடப் பெரிய குரல் அவருக்கு.

"பாலாத்தம்மா, வா."

அவர் வீட்டு வேலைக்காரி முறத்தில் வளையல் வைத்து, அவர் தாத்தா வெட்டின வடிகாலில் விட்டாள். முறம் ஆடிக்கொண்டு கிழக்கே போயிற்று.

கற்பூரம் அணைந்த பிறகுதான் சர்வேயரைப் பார்த்தோம். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"என்ன பேர் சொன்னீங்கம்மா?" என்று மாமியாரைக் கேட்டார்.

"தெரியாது சாமி."

சங்கிலி ஆள் இந்தத் தடவை அடக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். சர்வேயர் வரப்பைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மணியக்காரரே, நீங்க?"

"வழக்கம் சார்" என்றார் மணியக்காரர். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"வடிகாலுக்கா?"

அவர் குடையைத் தேடினார்.

"நல்லா வாயைக் கட்டினோம்" என்றார் மாமியார் என் காதில். "கற்பூரம் புடிச்ச கைய கட்டாம வுட்டுட்டோம்."

தண்ணீர் வடிந்ததும் கல் நட்டார்கள். இரண்டு கிளையும் பாலாறு, பெரிய கிளையின் நடுவில் எல்லை, இந்தாண்ட ஆறு நம்ம சர்க்கார் புறம்போக்கு என்று எழுதியதாக ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் இருந்து கேள்விப்பட்டோம். கல் மணியக்காரர் கழனி ஓரத்தில், கரை மேட்டில் நின்றது. முள்வேலி மேலே போயிற்று. நாங்கள் மறுபடி ஊற்று தோண்டினோம். போகும் முன் சர்வேயர் ஒரு தடவை அந்த வழியாக வந்தார். தண்ணீர் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சேரியில் சந்தோஷம்தான். மாமியார் மட்டும் நம்பவில்லை. "நமக்காகவா எழுதினான்? இன்னாத்துக்கோ எழுதினுகிறான். பின்னால தெரியும்" என்றார். தினம் ஊற்றுக்குப் போகும்போது கல்லைப் பார்ப்பார். அதன் அடியில் ஒரு கூழாங்கல்லை ஒட்டி வைத்திருந்தார். கல் நகர்ந்தால் தெரியும் என்று. கல் நகரவே இல்லை.

பின்னால் மணியக்காரர் அந்தக் கழனியை விற்றார். வாங்கினவர் அங்கே புதுத் தோல் ஷாப்பு கட்டினார். எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரரும் அங்கே மாறினார். கூலி கொஞ்சம் ஜாஸ்தி. ஷாப்பு ஓட ஆரம்பித்ததும் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது கரை மேட்டில் கல்லுக்குப் பக்கத்திலேயே இறங்கி இந்தாண்ட ஆற்றில் விழுந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், மயிர் கழுவின தண்ணீர். அடுத்த கோடையில் எங்கள் ஊற்றில் தெளிந்து வந்தது சிவப்பாக இருந்தது.

என் வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் புது ஷாப்பு மேஸ்திரியிடம் போனார்கள். நானும் மாமியாரும் பின்னால் நின்றோம். அந்த மேஸ்திரி கெட்டவர் இல்லை. எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பவர்.

"இன்னா தோஸ்த், நீயே இங்க வேலை செய்யற, நீயே கேட்டா எப்படி?" என்றார். "இது யாரு நெலம்? உன்னுதா? என்னுதா? ஆத்துப் பொறம்போக்கு. பாலாறுன்னு சர்க்காரே கல்லு நட்டுக்கீது. ஆத்துல தண்ணி வுடாம வேற எங்க வுடுவாங்க?"

"குடிக்கிற தண்ணி மேஸ்திரி."

"வடிகாலா இருந்தா அந்த ஓனரைக் கேட்டுத்தான் வுடணும். ஆறுன்னா யாரைக் கேக்கறது, சொல்லு?"

என் வீட்டுக்காரர் தன் வெந்த காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது மாமியார் கல்லுக்கு அடியில் இருந்த கூழாங்கல்லை எடுத்து மணலில் எறிந்தார்.   அவர் சொன்னபடிதான் ஆயிற்று.

எனக்கு ஒரு சந்தேகம் அதற்குப் பிறகு வந்தது. இன்றைக்கும் போகவில்லை. அன்றைக்கு வரப்பில் நின்று மணியக்காரர் வழக்கத்தில்தான் கூப்பிட்டாரா? இல்லை, ஷாப்புக்காரர் யாரோ அப்போதே அவரிடம் பேசியிருந்தார்களா? வெறும் பள்ளத்தை ஒட்டின கழனியை விட, தண்ணீர் விட ஆறு உள்ள கழனிக்கு ஷாப்புக்காரரிடம் மதிப்பு ஜாஸ்தி. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அவரும் மனுசன்தான். புதுத்தண்ணிய பாத்தா கை தானா போகும்" என்றார். இருக்கலாம். நான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஊற்றை அந்தாண்ட ஆற்றுக்கு மாற்றினோம். திட்டைத் தாண்டி, நாணலைத் தாண்டிப் போக வேண்டும். எதிரில் தெலுங்குப் பெண்கள் அவர்கள் பக்கத்தில் தோண்டினார்கள். நடுவில் எல்லை என்றார்கள். மணலில் ஒன்றும் தெரியாது. முதலில் அவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாங்கள் எதற்கு வந்தோம் என்று யோசித்திருப்பார்கள். நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு புதுத்தண்ணீருக்குக் கற்பூரம் ஏற்றுவது என் வேலையாயிற்று. அந்த வருஷம் தண்ணீர் பொழுது சாயும் முன்னால் வந்தது. திட்டு ஓரமாக, அந்தாண்ட ஆற்றின் எங்கள் கரையில் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். மஞ்சள் கரைத்தேன். எதிர்க்கரையில் தெலுங்குப் பெண்கள் அவர்கள் சொல்லும் பேரில் அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கும் பேர் வாய் வரைக்கும் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் திட்டில் தொப்பி போட்ட ஆள் ஒருத்தர் நின்றார். ஷாப்புக்கு வந்தவரா, சர்க்கார் ஆளா, சும்மா வேடிக்கை பார்க்கிறவரா, தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கற்பூரத்தைத் தண்ணீரில் விட்டேன். பேரை மனசுக்குள் சொன்னேன்.